மீனே பிடிக்காம ஒரு மீன்பிடி டிரெஸ்!

முதல்ல ஒரு புதிர். என்கிட்ட ஒரு சட்டை இருக்கு. இளநீலம், முழுக்கை. நெஞ்சுப் பக்கம் பாக்கெட்டுக்கு மேல விரல் நீளத்துக்கு ஒரு வெல்க்ரோ பட்டை. பேனா செருகினா நழுவி விழுது. ஐ.டி. கார்டு மாட்டினா எசகுபிசகா தொங்குது. முதுகுல, தோள்பட்டைக்குக் கீழ குறுக்கே ஒரு கிழிசல். பதறாதீங்க, தைக்கும்போதே அப்படித் திறந்து விட்டிருக்காங்க, உள்ளே வலைத்துணி. கையைச் சுருட்டிவிட்டா இறங்காம இருக்க ஒரு பட்டன். சொல்லுங்க பாஸ், இது யாரு போடுற சட்டை?

எங்க க்ளாஸ்ல கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன் 'எலெக்ட்ரீஷியன்'னான். ஒருத்தி 'மிலிட்டரி'ன்னா. கடைசி பெஞ்ச் மகான் ஒருத்தர் 'உங்க அப்பாவோடது'ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டார். விடை யாருக்கும் தெரியலை. எனக்கும் பெட்டி வந்த அன்னிக்கு தெரியாது.

பெட்டி வந்தது எங்க சித்தி கிட்டே இருந்து. அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் இருந்தவங்க, வேலை மாறி ஹூஸ்டன் போனாங்க. 'இங்க ட்ரவுட்டும் இல்லை, குளிர்ந்த ஆறும் இல்லை. நீ மலை, காடுன்னு சுத்துறவ, நீயே வெச்சுக்கோ'ன்னு ஊருக்கு வந்தப்போ மொத்தமா என் தலையில கட்டிட்டாங்க. சட்டை, கறுப்புக் கண்ணாடி, பதினேழு பாக்கெட் (எண்ணினேன்!) வெச்ச கையில்லா கோட்டு, நீட்டி மடக்குற தடி, ரப்பர் மாதிரி தடிச்ச சாக்ஸ், நெஞ்சு வரைக்கும் ஏறுற ஒரு பிரமாண்ட பேன்ட், அப்புறம் அடியில கம்பளி ஒட்டின ஒரு ஜோடி ஷூ. கடைசியா சொன்ன அந்த ஷூவை ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்தக் கட்டுரையோட வில்லன், ஹீரோ ரெண்டுமே அதுதான்.

எங்க சித்தி ஃப்ளை ஃபிஷிங் பண்றவங்க. குளத்தங்கரையில மண்புழு கோத்துப் போட்டுட்டு உட்காருவோமே, அது இல்லை இது. இறகும் நூலும் சுத்தி ஈ மாதிரி ஒரு பொம்மை செய்வாங்க. அதுக்கு எடையே கிடையாது; தூக்கி எறிஞ்சா காத்துல திரும்பி வந்துடும். அதனால தூண்டில் நூலையே தடியா, கனமா செஞ்சு, சாட்டை மாதிரி சுழற்றி வீசறாங்க. நூல் போகுது, ஈ அது பின்னால போகுது. இதைக் கரையில உட்கார்ந்து செய்ய முடியாது, பின்னால மரம் இருந்தா மரத்தைத்தான் பிடிக்கணும். ஆத்துக்குள்ளேயே இறங்கி, தொடையளவு தண்ணியில, பாசி பிடிச்ச கூழாங்கல் மேல நாள் பூரா நிக்கணும்.

'சுத்த வெள்ளைக்காரன் சமாச்சாரம்'னு நினைக்கிறீங்களா? ஆமாம், அவங்கதான் நம்ம ஊருக்கும் கொண்டு வந்தாங்க. நீலகிரியில ட்ரவுட் விட 1860-கள்ல இருந்தே முயற்சி நடந்தது. 1907-ல ஊட்டிக்குப் பக்கத்துல அவலாஞ்சியில எச்.சி.வில்சன் ஒரு மீன்குஞ்சு பொரிப்பகமே அமைச்சார். மேல்பவானி, எமரால்டு பக்கம் ட்ரவுட் வந்த கதை அப்படித்தான்.

சரி, சட்டைக்கு வருவோம். தொடையளவு தண்ணியில நிக்கிறவருக்கு நூல்ல முடிச்சுப் போட ரெண்டு கையும் வேணும். தூண்டில் கழியைக் கீழே வைக்க இடம் இல்லை. அதுக்குத்தான் நெஞ்சுல அந்த வெல்க்ரோ: கழியை அதுல செருகிட்டு முடிச்சைப் போடலாம். முதுகுக் கிழிசல் காத்துக்கு. நைலான் துணி சீக்கிரம் காய. அவ்வளவுதாங்க புதிர்.

அந்தச் சட்டை என்னைக் காப்பாத்தினது ஆத்துல இல்லை, சர்வே கேம்ப்ல. சிவில் படிக்கிற ஜீவன்களுக்குத் தெரியும்: பத்து நாள், காலையில இருந்து சாயங்காலம் வரை பொட்டல் வெயில், கையில ஸ்டாஃப், கண்ணுக்கு எட்டின தூரம் வரை நிழல்ங்கிற வஸ்து கிடையாது. பசங்க காட்டன் டி-ஷர்ட்ல வந்தாங்க. மூணாவது நாள் எல்லார் கழுத்தும் தந்தூரி கலர். துணிக்கு யு.பி.எஃப்.னு ஓர் அளவு இருக்கு. 50-ன்னா, தோல் மேல விழற புற ஊதாக் கதிர்ல ஐம்பதுல ஒரு பங்கைத்தான், அதாவது 2 சதவிகிதத்தைத்தான் துணி உள்ளே விடும். மெல்லிய வெள்ளைக் காட்டன் டி-ஷர்ட்டுக்கு அது சுமார் 5 தான். வேர்த்து நனைஞ்சா இன்னும் குறையும். முழுக்கை போட்டா வேகும்னு நாம நினைக்கிறோம். முதுகுல காத்து போற மாதிரி தைச்சா அரைக்கையை விட முழுக்கைதான் சுகம். கேம்ப் முடியறப்போ எங்க பேட்ச்ல மூணு பேர் என் சட்டையை வெச்சு டெய்லர் கிட்ட அளவு கொடுத்துட்டாங்க. டெய்லர் முதுகுல ஏன் ஓட்டைன்னு கேட்டு ஒரு வாரம் இழுத்தடிச்சது தனிக்கதை.

இதுல ஒரு தமாஷ். அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல காலேஜ் பசங்களுக்கு இந்த மீன்பிடி சட்டைதான் யூனிஃபார்ம் மாதிரியாம். கொலம்பியா கம்பெனியோட பி.எஃப்.ஜி. சட்டைகளைப் போட்டுக்கிட்டு க்ளாஸுக்கு வர்றாங்க, மேட்ச் பார்க்கப் போறாங்க. 'முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையில மீனைத் தட்டுல மட்டும்தான் பார்த்திருப்பான்'னு சித்தி சிரிச்சாங்க. நம்ம பசங்க கிரிக்கெட் ஆடாமலே டீம் ஜெர்சி போடறது இல்லையா, அது மாதிரிதான்.

கண்ணாடி விஷயத்துல நான் வாங்கினது பல்பு. அது சும்மா கறுப்புக் கண்ணாடி இல்லை, போலரைஸ்டு. எட்வின் லேண்ட் 1929-ல கண்டுபிடிச்ச மெல்லிய போலராய்டு தகட்டில் இருந்து வந்தது. ப்ளஸ் டூ இயற்பியல் ஞாபகம் இருக்கா? ப்ரூஸ்டர் கோணம்னு ஒண்ணைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி, அன்னிக்கே மறந்தோமே? தண்ணிக்கு அது சுமார் 53 டிகிரி. அந்தக் கோணத்துல பட்டுத் திரும்புற வெளிச்சம் முழுக்கக் கிடைமட்டமாகவே அதிரும். கண்ணாடியில செங்குத்தா அதிர்ற வெளிச்சத்துக்கு மட்டும்தான் வழி. விளைவு: தண்ணி மேல தகதகன்னு அடிக்கிற பளபளப்பு காணாமப் போய், அடியில இருக்கிற கல்லு தெரியும். மீன் பிடிக்கிறவருக்கு மீன் தெரியும். பைக் ஓட்டுறவங்களுக்கு மழை விட்ட தார் ரோட்டு மேல அடிக்கிற வெள்ளைப் பளபளப்பு போய், ரோடு தெரியும். ஓடையைக் கடக்கிறவங்களுக்குக் கால் வைக்கப் போற குழி தெரியும்.

நான் இதை மாட்டிக்கிட்டு கெத்தா டோட்டல் ஸ்டேஷன் முன்னால போய் நின்னேன். டிஸ்ப்ளே கன்னங்கரேல்னு இருக்கு. 'சார், மெஷின் அவுட்டு!'ன்னு நான் போட்ட சத்தத்துல சார் ஓடி வந்தார். அவர் பார்த்தா பளிச்சுனு ரீடிங் தெரியுது. எல்.சி.டி. திரையில இருந்து வர்ற வெளிச்சமும் போலரைஸ்டுதான். ரெண்டும் குறுக்கே நின்னா இருட்டு. நீங்களும் இந்த மாதிரி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பைக்ல மொபைலை மாட்டி மேப் பார்க்கிற ஆளா? கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை திரையைச் சாய்ச்சுப் பாருங்க. ஹைவேல போய் 'மேப் அவுட்டு'ன்னு கத்தினா எந்த சாரும் வர மாட்டார்.

பாக்கெட் கோட்டைப் பத்தி பொண்ணுங்க சார்பா ரெண்டே வரி. லீ வுல்ஃப்ங்கிற அமெரிக்க மீன்பிடி மன்னர் 1930-களோட தொடக்கத்துல தனக்காகத் தைச்சுக்கிட்ட ஐடியா அது. 1960-ல கொலம்பியா கம்பெனிக்கு முதல் பல பாக்கெட் மீன்பிடி கோட்டை உருவாக்கினது கெர்ட் பாயில்ங்கிற பெண். ஒரு பெண்ணே இத்தனை பாக்கெட் வெச்சுத் தைச்சுக் காட்டின பிறகும், நம்ம சுடிதாருக்கும் ஜீன்ஸுக்கும் ஒரு மொபைல் நுழையற பாக்கெட் வைக்க மாட்டேங்கிறாங்களே, என்ன நியாயம் இது? கல்யாண வீட்டுல கேமரா அண்ணன்கள் போடற கோட்டைப் பார்க்கிறப்போ எல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும். இப்போ இல்லை.

அடுத்து, அந்த நெஞ்சு வரைக்கும் ஏறுற பேன்ட். வேடர்ஸ்னு பேரு. பாதத்தோட சேர்த்துத் தைச்ச, தண்ணி புகாத உடுப்பு. சதுப்புல பறவை பார்க்கிறவங்க, ஏரியில ஆய்வு பண்றவங்க எல்லாரும் வெளிநாடுகள்ல இதைத்தான் போடறாங்க. எங்க டிபார்ட்மென்ட்டுக்கும் சொந்தம் உண்டு: ஓடையில எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு அளக்கிற நீரியல் ஆட்கள் வேடர்ஸ் போட்டுக்கிட்டு, வேகமானியைக் கையில பிடிச்சு, குறுக்கே நடந்தே அளப்பாங்க.

வேடர்ஸுக்குள்ள தண்ணி புகுந்தா கல்லைக் கட்டின மாதிரி இழுத்துட்டுப் போயிடும்னு ஒரு பயம் உலகம் பூரா உண்டு. அதே லீ வுல்ஃப், அதைப் பொய்னு காட்ட வேடர்ஸோட பாலத்துல இருந்து ஆத்துல குதிச்சு நீந்திக் காட்டினார். ஆர்க்கிமிடீஸ் தாத்தா கணக்குப்படி அவர் சொன்னது சரி. தண்ணிக்குள்ள தண்ணிக்கு எடை கிடையாது. ஆனா, கரையேறும்போது? உள்ளே இருக்கிற அத்தனை லிட்டரும் அப்பத்தான் எடை காட்டும். ஓடற தண்ணியில அது பாய்மரம் மாதிரி விரியும். நீரோட்டம் தள்ளுற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் ரெண்டு மடங்குன்னா தள்ளு நாலு மடங்கு. அதனாலதான் இடுப்புல இறுக்கி பெல்ட் கட்டாம யாரும் இறங்கக் கூடாதுங்கறாங்க. வெள்ளத்துல ஆளைக் காப்பாத்தப் போறதுக்கு இது உடுப்பே இல்லை. மீட்புக் குழுக்களுக்குன்னு தனி உடுப்பு இருக்கு.

எந்த ஓடையில இறங்கலாம், எதுல கூடாது? அமெரிக்க நிலவியல் அளவைத் துறை ஆட்கள் கிட்ட எளிமையா ஒரு கணக்கு இருக்கு. ஆழம் எத்தனை அடி, வேகம் நொடிக்கு எத்தனை அடி, ரெண்டையும் பெருக்கு. 10-ஐத் தொட்டா இறங்காதே. மூணு அடி ஆழம், நாம சாதாரணமா நடக்கிற வேகம், அதாவது நொடிக்கு நாலு அடி. பெருக்கினா 12. கரையில நின்னு பார்த்தா 'அட, இடுப்பளவுதானே' தோணும். இறங்கினா ஆளைத் தூக்கும். ஓர் இலையைப் போட்டு, அது பத்தடி போக எத்தனை நொடி ஆகுதுன்னு எண்ணினாலே வேகம் கிடைச்சுடும். அது பயிற்சி எடுத்த ஆட்களுக்கான கணக்கு. ஒல்லிப்பிச்சான்களான எனக்கும் உங்களுக்கும் 10-ங்கிறதே அதிகம்.

சரி, இப்போ ஷூ.

போன டிசம்பர்ல ஆறு பேர் ஆனைமலைப் பக்கம் ஒரு நாள் ட்ரெக் போனோம். வனத்துறை அனுமதி, வழிகாட்டி அண்ணன், எல்லாம் முறைப்படி. வழியில ரெண்டு ஓடை. முதல் ஓடை முழங்கால் ஆழம்தான், ஆனா கல்லு ஒவ்வொண்ணும் சோப்பு. ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டவங்க எல்லாம் நாலு கால்ல தவழ்ந்தாங்க. நான் மட்டும் சித்தியோட ஷூவை மாட்டிக்கிட்டு, தடியை ஊன்றி, கல்யாண மண்டபத்துல நடக்கிற மாதிரி நடந்து போனேன். நிஜமா சொல்றேன், ஒட்டிக்கிச்சு. அடியில இருக்கிற அந்தக் கம்பளிக்கு ஃபெல்ட்னு பேரு. நுண்ணிழைகள் பாசியோட வழவழப்பைத் துளைச்சுக்கிட்டுப் போய்க் கல்லோட மேடு பள்ளத்துல அமுங்கும். ஜப்பான்ல சவானோபோரின்னு ஒரு விளையாட்டு இருக்கு. மலை ஓடை வழியாவே, அருவி மேல எல்லாம் ஏறி, மலை உச்சிக்குப் போறது. அவங்களும் மீன்காரங்க மாதிரி ஃபெல்ட் ஷூதான் போடுவாங்க. அதுக்கு முன்னாடி வைக்கோல் செருப்பு. ரெண்டுலயும் ஒரே தத்துவம்: இழை.

என் ரூம்மேட் போட்டிருந்தது சாண்டல்ஸ். ஓடை நடுவுல வார் அறுந்து, ஒரு பக்கம் தண்ணியோட போயிடுச்சு. அக்கரையில அவ ஒத்தைக் காலோட நின்னா. என்கிட்ட பையில கான்வாஸ் ஷூ இருந்தது. 'இதைப் போட்டுக்கோடி'ன்னு ஃபெல்ட் ஷூவைக் கழட்டிக் கொடுத்தேன். 'மேடு ஏறணுமே, இது பரவாயில்லையா?'ன்னு கேட்டா. நான் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு:

"ஆத்துக்கே பயப்படாத ஷூ, மண்ணுக்கா பயப்படப் போகுது?"

வழிகாட்டி அண்ணன் அவ காலைப் பார்த்தார். "அந்த மெத்தைச் செருப்பு வேணாம்மா, அந்தக் கான்வாஸை அந்தப் பொண்ணுக்குக் குடு"ன்னார். அவர் கால்ல இருந்தது அடியில முள்ளு முள்ளா இருக்கிற சாதாரண ரப்பர் ஷூ, கையில காட்டுக் கம்பு. எனக்கோ முதல் ஓடையில கிடைச்ச கைதட்டல் இன்னும் காதுல கேட்டுக்கிட்டு இருந்தது. 'இல்லைண்ணா, இது இம்போர்ட்டட்'னு சொன்னேன். இதை எழுதும்போது கூசுது.

ரெண்டாவது ஓடையை அவ ஜோரா கடந்தா. அதுக்கப்புறம் ஈரப் புல் சரிவு. ஃபெல்ட்டுக்கு அடியில பள்ளம், முள்ளு எதுவும் கிடையாது, வெறும் தட்டை. ஈரமண்ணு இழைகளுக்குள்ள அப்பிக்கிட்டா அது ஷூ இல்லை, பூசுபலகை. இறங்கும்போது ரெண்டு காலும் ஒண்ணா முன்னால போச்சு. பத்தடிக்கு மேல சறுக்கி, ஒரு பாறையில கையை ஊன்றி நின்னா. 'டொக்'னு கேட்ட சத்தம் மேல நின்ன எனக்கே கேட்டது.

மணிக்கட்டுல விரிசல். அண்ணன் தன் துண்டைக் கிழிச்சு, கம்பை உடைச்சு வெச்சுக் கட்டினார். கீழே இறங்க மூணு மணி நேரம் ஆச்சு. அவ வழி பூரா அழலை, நான்தான் அழுதேன். மாவுக்கட்டு அஞ்சு வாரம், அதுவும் வலது கையில. நடுவுல ப்ராக்டிகல்ஸ் வந்தது. ஸ்லம்ப் டெஸ்ட்டுக்கு அவ இடது கையால கான்க்ரீட் கிளறினதைப் பார்த்துக்கிட்டு நான் பக்கத்து டேபிள்ல நின்னேன். அவங்க அம்மா ஹாஸ்டலுக்கு வந்தப்போ என்னை ஒரு வார்த்தை திட்டலை. 'நீயும் சாப்பிடும்மா'ன்னு ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் புளிசாதம் கட்டிக்கிட்டு வந்தாங்க. திட்டியிருந்தா தேவலை.

அன்னிக்கு ராத்திரி சித்திக்கு போன் போட்டேன்.

"என்னடி, கை எப்படி இருக்கு அவளுக்கு?"

சொன்னேன். ரொம்ப நேரம் சத்தம் இல்லை.

"நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கணும். அது தண்ணிக்குள்ள மட்டும் போடற ஷூடி. கரைக்கு வந்தா நாங்களே கழட்டிடுவோம். பனியில நடந்தா பனி உருண்டை ஒட்டி ஆளே நாலு விரற்கடை உயர்ந்துடுவோம், அப்படிப்பட்ட சனியன். சரி, ரெண்டு ஓடையிலயும் அதே ஷூவாலயா இறங்கினீங்க?"

"ஆமா சித்தி."

"நடுவுல காய வெச்சீங்களா?"

கை உடைஞ்சு கிடக்கு, இவங்க ஷூ காய்ஞ்சுதான்னு கேட்கறாங்களேன்னு எனக்கு எரிச்சல். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாங்க. நான் உட்கார்ந்து படிச்சேன்.

ஃபெல்ட் ஒரு ஸ்பான்ஜ். மேல தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே நாள் கணக்கா ஈரம் நிக்கும். அந்த ஈரத்துல கண்ணுக்குத் தெரியாத பயணிகள் டிக்கெட் இல்லாம வரலாம். 2004-ல நியூஸிலாந்தோட தென்தீவுல ஓர் ஆத்துல டிடிமோங்கிற பாசி தென்பட்டது. ஒரே ஒரு செல், கண்ணுக்குத் தெரியாது. பெருகினா கல்லு எல்லாத்தையும் நனைஞ்ச பழைய கம்பளி மாதிரி மூடிடும். 'பாறைச்சளி'ன்னு பட்டப்பேரு. அந்த ஊருக்கு அது வெளியில இருந்து வந்த விருந்தாளி. மீன்பிடி சாமான்கள்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ங்கிறது பலமான சந்தேகம். 2008-ல அந்த நாட்டுல மீன் பிடிக்க ஃபெல்ட் அடி ஷூ போடறதையே தடை பண்ணிட்டாங்க. அமெரிக்காவுல மேரிலாண்ட், வெர்மான்ட் மாநிலங்கள் 2011-ல தடை போட்டன. வெர்மான்ட் 2016-ல எடுத்துடுச்சு. அங்க எல்லாம் அந்தப் பாசி முன்னாடியே இருந்ததுதான், தண்ணியில பாஸ்பரஸ் ரொம்பக் குறைஞ்சா அது கம்பளியா விரியுதுன்னு பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்லுது. ஷூ மேல போட்ட எல்லாப் பழியும் நியாயம் இல்லைதான். ஆனா ஷூ அப்பாவியும் இல்லை.

நியூஸிலாந்தும் பதிலுக்கு ஒண்ணை அனுப்பியிருக்கு. அரிசியளவு ஒரு சேற்று நத்தை. 1987-ல அமெரிக்காவோட ஐடஹோ மாநிலத்துல, ஸ்னேக் ஆத்துல தென்பட்டது. ஆண் துணையே இல்லாம ஒரு பெண் நத்தை குட்டி போட்டுப் பெருகும். ஈரம் இருந்தா நாள் கணக்கா தண்ணிக்கு வெளியே உயிரோட இருக்கும். ஷூ மடிப்புல ஒரே ஒரு நத்தை போதும், புது ஆத்துல ஒரு ராஜ்ஜியம் ஆரம்பிக்க. உலகம் பூரா தவளை இனங்களைச் சூறையாடின கைட்ரிட் பூஞ்சைக்கும் ஈரம்தான் வாகனம். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வேற எங்கேயும் இல்லாத தவளைகள் எத்தனை இருக்குன்னு யோசிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. சித்தியோட ஷூ ஒரு வருஷத்துக்கு மேல பெட்டியில எலும்பு மாதிரி காய்ஞ்சு கிடந்தது, அதனால வெளிநாட்டு விருந்தாளி யாரும் பிழைச்சிருக்க வாய்ப்பு இல்லைன்னாங்க. ஆனா முதல் ஓடையோட ஈரத்தை ரெண்டாவது ஓடைக்குச் சுமந்துக்கிட்டுப் போனது நாங்கதானே? அதுவும் ஒருத்தி கால்ல இருந்து இன்னொருத்தி காலுக்கு மாத்தி!

நியூஸிலாந்துக்காரங்க சொல்ற முறை இது: சோதி, கழுவு, காய வை. ஒட்டியிருக்கிற இலை, சேறு, பாசி எல்லாத்தையும் அந்த ஓடைக்கரையிலேயே தட்டி எடுத்துடணும். எல்லாத்தையும் நல்லா கழுவணும். அப்புறம் உள்ளேயும் வெளியேயும் தொட்டா ஈரமே இல்லைங்கிற அளவுக்குக் காய்ஞ்ச பிறகு, இன்னும் 48 மணி நேரம் காய வைக்கணும். ஃபெல்ட் ஷூன்னு இல்லை. கேன்வாஸ் ஷூ, சாண்டல்ஸ், கயிறு, டென்ட்டு, எல்லாத்துக்கும் இதே கதைதான். ஒரே ட்ரெக்ல ரெண்டு ஓடைன்னா 48 மணி நேரத்துக்கு எங்கே போறது? அதனால தண்ணி உறிஞ்சாத ரப்பர் அடி ஷூவைப் போட்டு, கரையிலேயே சேறைத் தட்டி, உதறி, துடைச்சுட்டுப் போறோம். இப்போ எங்க கேங்ல ஒவ்வொருத்தர் பையிலயும் ஒரு பழைய டூத் பிரஷ் இருக்கு.

தடியை மட்டும் நான் விடறதா இல்லை. ஓடையில நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஊன்றினா மூணாவது கால். மண்சரிவுல இன்னும் நம்பகம். அந்த ரப்பர் சாக்ஸ் அட்டைக்கு எதிரா அருமையா வேலை செஞ்சது; தடிச்ச நியோப்ரீனை அட்டையால துளைக்க முடியலை. புத்திசாலி அட்டைகள் சாக்ஸ் முடியற இடம் வரைக்கும் ஏறிப் போய் அங்கே கடிச்சதுங்கிறது வேற விஷயம். சித்தி பெட்டியில கிடந்த ஆபரேஷன் தியேட்டர் கத்தரி மாதிரி ஒரு கவ்வி, மீன் வாயில இருந்து முள்ளைக் கழட்டுறதுக்கானது, இப்போ எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பக்கத்து ரூம் பொண்ணு கிட்ட இருக்கு. சால்டரிங் பண்ணும்போது டிரான்சிஸ்டர் காலைக் கவ்விப் பிடிச்சா சூடு மேல ஏறாதாம். திருப்பித் தர்ற மாதிரி தெரியலை.

ரூம்மேட்டுக்கு ஜனவரி கடைசியில கட்டு பிரிச்சாங்க. கை சரியாயிடுச்சு, மழைக்காலத்துல மட்டும் லேசா வலிக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். மறுநாள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கழுவிக் காயப்போட்டிருந்த ஃபெல்ட் ஷூ கொடியில தொங்கிட்டு இருந்தது. அதோட ரெண்டு அடியிலயும் மார்க்கர் பேனாவால எழுதியிருந்தா. கட்டு பிரிச்ச கையாலதான் எழுதியிருக்கணும், கோணல் மாணலா இருந்தது. இடது ஷூவில 'மண்ணுக்கு'. வலது ஷூவில 'பயப்படும்'.